ஸ்பெஷல் எடிஷனுக்கு இரண்டு லட்சம் கூடக் கொடுக்கலாமா?

கேள்வி, பாலக்கோட்டிலிருந்து, 2025 மார்ச் 2

பெங்களூரில் இரண்டு பழைய பி.எம்.டபிள்யூ. எம்340ஐ எக்ஸ்டிரைவ் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 2022 வண்டி, ஓட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று சாதா. இன்னொன்று '50 யாரே எம் எடிஷன்', அதற்கு இரண்டு லட்சம் கூடச் சொல்கிறார்கள். இன்ஜின் ஒன்றுதான் என்று விற்பவரே ஒப்புக்கொள்கிறார். வாரம் இருமுறை ஓசூர், மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் போய்வருவேன். எடிஷன் வண்டியை எடுப்பதா, இல்லை சாதாவை எடுத்து அந்தக் காசில் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பலம் கூட்டுவது) செய்துவிடுவதா?

மார்ச் 3

வேண்டாம். ஸ்டிக்கருக்கு இரண்டு லட்சம் கொடுக்காதீர்கள்.

'யாரே' என்பது ஜெர்மன் மொழியில் ஆண்டுகள். பி.எம்.டபிள்யூ.வின் எம் பிரிவு 1972-ல் தொடங்கியது. 2022-ல் ஐம்பது நிறைந்ததற்காக விட்ட எடிஷன் இது. பானெட்டில் பழைய மோட்டார்ஸ்போர்ட் சின்னம், கறுப்பு கிரில், தனி நிறம். உள்ளே அதே மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர், அதே 387 எச்.பி. (குதிரைத்திறன்), அதே 500 நியூட்டன் மீட்டர். பூஜ்ஜியத்திலிருந்து நூறு தொட இரண்டுக்கும் 4.4 விநாடி.

என் வண்டிக் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு கம்பெனிச் சண்டையாகிவிடும். இரண்டு லிட்டர் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) பெட்ரோல், ஆல் வீல் டிரைவ், கொஞ்சம் உயரமான வண்டி, கம்பெனி கணக்கில் 190 எச்.பி. இரண்டு வருடம் முன்பு பெங்களூரில் ஸ்டேஜ் 1 ரீமேப் செய்தேன். ஒரு நட்டு கூடக் கழற்றவில்லை. லேப்டாப்பைச் செருகினார்கள், ஒன்றரை மணி நேரம், முடிந்தது. டைனோ (வண்டியின் பலத்தை அளக்கும் எந்திரம்) சீட்டில் 262. செலவு ஒரு லட்சத்துக்குள். வீடு கிருஷ்ணகிரி, பட்டறை ஓசூரில். தினமும் மேலுமலை ஏற்றத்தில் அந்த வித்தியாசம் காலடியில் தெரிகிறது.

சாதாவை எடுங்கள், ரீமேப் செய்யுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மார்ச் 3, இரவு

ஒன்று விட்டுப்போனது. இரண்டுமே கே.ஏ. (கர்நாடக) நம்பர் என்றால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி தர்மபுரியில் மறுபதிவு செய்து, இங்கே ஆயுள் வரியும் கட்டவேண்டும். விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விலையில் இருக்கும் வண்டிக்கு வரி சின்னத் தொகை இல்லை. கர்நாடகத்தில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம், அது தனி அலைச்சல்.

மார்ச் 6

சேலத்திலிருந்து ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: 'எல்லா ஸ்பெஷல் எடிஷனும் ஸ்டிக்கர்தானா? சுபாரு 22பி-யும் ஸ்டிக்கரா?'

இல்லை சார். அது வேறு காலம்.

மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 1992-ல் பிறந்ததே ராலிக்காகத்தான். பந்தயத்தில் ஒரு வண்டியை இறக்க வேண்டுமானால் அதே மாதிரியில் 2,500 வண்டி பொதுமக்களுக்கு விற்றிருக்க வேண்டும் என்று விதி. ஆக, கடையில் வாங்கும் வண்டியிலேயே பந்தயத்துக்கு வேண்டியதை ஒளித்து வைத்தார்கள். சுபாரு 1998-ல் விட்ட இம்ப்ரெசா 22பி ஜப்பானில் 400 வண்டிதான். கம்பெனிக்கு நாற்பதாம் ஆண்டு, கூடவே 1995, 96, 97 என்று வரிசையாக மூன்று ராலி கோப்பை. இரண்டு லிட்டர் இன்ஜினை 2.2 ஆக்கி, உடம்பை அகலப்படுத்தி, அதற்கேற்ற சஸ்பென்ஷன் போட்டுக் கொடுத்தார்கள். டாமி மாகினன் 1996 முதல் 1999 வரை நான்கு முறை உலக சாம்பியன் ஆனதும் மிட்சுபிஷி அவர் பெயரில் எவல்யூஷன் 6 எடிஷன் ஒன்று விட்டது. டைட்டானியம் டர்போ, 10 மில்லிமீட்டர் தாழ்ந்த சஸ்பென்ஷன், ரெகாரோ சீட்.

இதில் வேடிக்கை, 22பி-யிலும் மாகினன் எடிஷனிலும் காகிதத்தில் 280 எச்.பி. என்றுதான் போட்டிருக்கும். அதைத் தாண்டி விளம்பரம் செய்வதில்லை என்று ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள், 2004 வரை. எண்ணைக் கூட்ட வழியில்லாததால் மற்றதையெல்லாம் கூட்டினார்கள். டர்போ சீக்கிரம் விழிக்கவேண்டும், வளைவில் வண்டி ஒட்டவேண்டும், பிரேக் களைத்துப் போகக்கூடாது. எனக்கென்னவோ அந்த ஒப்பந்தம்தான் அந்தக் காலத்து எடிஷன்களை நல்ல வண்டிகள் ஆக்கியது என்று தோன்றுகிறது. எண்ணை வைத்து ஏமாற்ற முடியவில்லை, பாருங்கள்.

மார்ச் 7

திருத்தம். 'டைட்டானியம் டர்போ' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். புகை வந்து மோதும் பக்கத்துச் சக்கரம் மட்டும்தான் டைட்டானியம் அலாய், டர்போ முழுவதும் இல்லை. தினம் உலோகத்தோடு புழங்குகிறவன் இப்படி எழுதியிருக்கக் கூடாது. அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். எடை குறைந்தால் சீக்கிரம் வேகம் பிடிக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்ததற்கும் வண்டி தாவுவதற்கும் நடுவில் உள்ள அந்த 'ம்ம்ம்...' குறையும். அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 7, பத்து நிமிடம் கழித்து

'ஆக்டேவியா ஆர்.எஸ். 245 கூட ஆல் வீல் டிரைவ்தானே' என்று கேட்டவருக்கு: இல்லை. 2020-ல் இந்தியாவுக்கு 200 வண்டி வந்தது. 245 எச்.பி.யும் முன் சக்கரத்துக்குத்தான். முன்னால் எலெக்ட்ரானிக் லாக்கிங் டிஃபரன்ஷியல் (இடது வலது சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) இருப்பதால் இழுவையை நன்றாகச் சமாளிக்கும், ஆனாலும் இரண்டு சக்கர டிரைவ்தான்.

மார்ச் 14

இந்தப் பதிவை எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் விட்டால் மார்ச் 3-ல் சொன்னது அப்படியே நின்றுவிடும்.

அந்த 262.

நேற்று பட்டறையில் கரண்ட் இல்லை. பழைய கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது டைனோ சீட்டு கையில் பட்டது. மூலையில் பொடி எழுத்தில் 'திருத்தக் காரணி 1.10' என்று இருந்தது. இரண்டு வருடமாக அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறையாக வைத்திருக்கிறேன், அந்த வரியைப் படித்ததில்லை.

விஷயம் இதுதான். பெங்களூரும் ஓசூரும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையில் 1013 மில்லிபார் என்றால் இங்கே 910 பக்கம். டர்போ இல்லாத இன்ஜின் மெல்லிய காற்றை இழுத்து அந்த அளவு பலம் குறையும். சென்னையில் அளந்த வண்டியையும் பெங்களூரில் அளந்த வண்டியையும் ஒப்பிட வேண்டுமே, அதற்காக டைனோ மென்பொருள் பத்து சதவீதம் போலக் கூட்டிக் கொடுக்கும். அந்த வண்டிக்கு அது நியாயம்.

டர்போ வண்டிக்கு அது நியாயமில்லை. அதன் கம்ப்யூட்டர் வெளிக்காற்று மெலிந்திருப்பதைப் பார்த்து டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றவிட்டு, இன்ஜினுக்குள் போகும் அழுத்தத்தை ஏற்கெனவே சரிக்கட்டிவிடுகிறது. பெரும்பகுதி இழப்பு நடக்கவே இல்லை. நடக்காத இழப்புக்கு நஷ்டஈடு கொடுத்தால் என்ன ஆகும்? 262-ஐ 1.10-ஆல் வகுத்துப் பாருங்கள், 238.

அதற்கும் மேல், டைனோ அளப்பது சக்கரத்தில். கியர்பாக்ஸ், பிராப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்ந்து எவ்வளவு தின்றது என்பதை மென்பொருள் ஒரு சதவீதம் வைத்து ஊகித்து இன்ஜின் எண்ணைச் சொல்கிறது. அந்தச் சதவீதத்தை யார் தட்டச்சு செய்கிறார்களோ அவர்கள் கையில் இருக்கிறது உங்கள் குதிரை.

என் தொழிலில் ஒரு பீஸை அளந்தால் எந்த மைக்ரோமீட்டர், கடைசியாக எப்போது காலிபரேட் செய்தது, அறையில் என்ன சூடு என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் பீஸ் திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்டவன் ஒரு ஏ4 தாளை நம்பி இரண்டு வருடம் பேசித் திரிந்திருக்கிறேன்.

வண்டி முன்னைவிட வேகம் என்பதில் சந்தேகமில்லை. 72 குதிரை கூடியது என்பதுதான் பொய். நாற்பதுக்கு மேல் கொஞ்சம் இருக்கலாம்.

மார்ச் 15

மச்சான் இதையெல்லாம் படித்துவிட்டார். 'ஒரு லட்சத்துக்கு நாப்பது குதிரை, ஒரு குதிரை ரெண்டாயிரத்தி ஐநூறு. நம்ம சந்தையில ஆடு கூட அந்த விலைக்கு வராது மாமா' என்கிறார். இதே மனிதர் போன வருடம் அந்தக் காசுக்குத் தோப்பு முழுக்கச் சொட்டுநீர் போட்டிருக்கலாம் என்றார். ஏறக்குறைய சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 4

வெயில் வந்துவிட்டது. பாலக்கோட்டுக்காரர் தனியாகக் கேட்டார்: 'ரீமேப் செய்தால் இன்ஜின் தாங்குமா?' இன்ஜின் தாங்கும். எத்தனை நேரம் தாங்கும், எந்த மாதத்தில் தாங்கும் என்று கேட்கவேண்டும்.

காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும். கிருஷ்ணகிரியில் மத்தியானம் 40 டிகிரி என்று வையுங்கள். அந்தக் காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், டர்போவின் திறன் 70 சதவீதம் என்று கணக்கிட்டால், வெளியே வருவது 138 டிகிரி. ரீமேப்பில் அழுத்தத்தை 2.4 மடங்காக்கினால் 167 டிகிரி. இதை ஆறவைப்பது இன்டர்கூலர் வேலை. ஸ்டேஜ் 1-ல் மாற்றியது மென்பொருளை மட்டும். இன்டர்கூலர் 190 குதிரைக்கு வாங்கிய அதே இன்டர்கூலர். பத்துப் பேருக்கு உலை வைத்த வீட்டில் முப்பது பேர் வந்து உட்கார்ந்த கதை.

போன வாரம் ஓ.பி.டி. (வண்டிக் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் கருவி) செருகி மேலுமலை ஏற்றத்தில் பதிவு எடுத்தேன். சூளகிரியை நோக்கி ஏறும்போது முதல் முறை மிதித்ததில் உள்ளே போகும் காற்று 58 டிகிரி. லாரிக்குப் பின்னால் கொஞ்சம் ஊர்ந்து மறுபடி மிதித்தால் 66. மூன்றாவது முறை 73. அதற்குள் இன்ஜின் கம்ப்யூட்டர் தட்டல் (சூட்டில் பெட்ரோல் தானாகவே வெடிப்பது) வந்துவிடக்கூடாது என்று தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அந்த மூன்றாவது மிதியில் வண்டி என் பழைய 190-க்கு ரொம்பத் தூரத்தில் இருந்ததாகத் தோன்றவில்லை. காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் வெயிலுக்கு மரத்தடியில் ஒதுங்கிவிட்டன.

பெட்ரோல் இன்னொரு பக்கம். என் ரீமேப் கோப்பு 95 ஆக்டேனுக்கு (பெட்ரோல் தட்டலைத் தாங்கும் அளவு) எழுதியது. பெங்களூர் போகும்போதெல்லாம் 100 ஆக்டேன் நிரப்பிக்கொண்டு வருவேன். அதில் ஓட்டும்போது தீப்பொறி அவ்வளவு பின்வாங்குவதில்லை, சீட்டில் எழுதிய எண்ணுக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகிறது. பாலக்கோட்டிலிருந்து ஒவ்வொரு டேங்குக்கும் பெங்களூர் போகப் போகிறீர்களா?

இங்கேதான் மார்ச் 6-ல் எழுதியதோடு ஒரு முடிச்சு. சுபாருவின் பந்தயப் பிரிவான எஸ்.டி.ஐ. பெயரில் வந்த வண்டிகள் சிலவற்றில் இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு கம்பெனியிலேயே உண்டு. ஜன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் அடிப்போமே, அதே புத்தி. 2019-ல் அமெரிக்காவுக்கு மட்டும் 209 வண்டி விட்டார்கள், பெயரே எஸ்209. 2.5 லிட்டர், 341 எச்.பி., பெரிய டர்போ. அதில் ஸ்டியரிங் பின்னால் உள்ள துடுப்பைத் தட்டினால் கியர் மாறாது, தண்ணீர் தெளிக்கும்! கூடவே 265 அகல டயர், பெரிய பிரெம்போ பிரேக், பில்ஸ்டைன் டாம்பர். பலத்தைக் கூட்டியபோது சூட்டுக்கும் நிறுத்துவதற்கும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள். நான் வாங்கியது முதல் வரி மட்டும்.

ஏப்ரல் 5

சட்டம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவு: ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. மென்பொருள் கண்ணுக்குத் தெரியாதுதான். விபத்தாகி இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நின்றால் எது தெரியும் எது தெரியாது என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். இரண்டு வருடம் கட்டினேன், அது வேறு.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து. வடை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், இன்றைக்காவது தொப்பூர் கதையை எழுதிவிடுகிறேன்.

போன வருடம் மே மாதம். சேலத்தில் ஒரு கல்யாணம். வண்டியில் நாங்கள் நாலு பேர், டிக்கி நிறையப் பலகாரம், சீர்வரிசைப் பாத்திரம். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்குகிறோம். அந்த இறக்கத்தைத் தெரியாதவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. மாதம் தவறாமல் செய்தித்தாளில் வரும் இடம். இடதுபுறம் லாரிகள் முனகிக்கொண்டு இறங்கும், நடுவில் பஸ்காரர்கள், வலப்புறம் என்னைப் போன்ற அவசரக் குடுக்கைகள்.

ரீமேப் செய்த வண்டியில் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். இடைவெளி தெரிந்தால் கால் தானாக அமுங்கும், அடுத்த லாரி வந்ததும் பிரேக். மறுபடி இடைவெளி, மறுபடி பிரேக். கியரை டி-யிலேயே விட்டிருந்தேன். இரட்டைப் பாலத்துக்கு முன்னால் பெடல் பஞ்சு மாதிரி ஆனது. மிதித்தேன், போய்க்கொண்டே இருந்தது. கருகிய நாற்றம். பின்சீட்டில் அத்தை 'யாரோ டயர் எரிக்கிறாங்க போல' என்றார். யாரும் டயர் எரிக்கவில்லை, அத்தை.

மேனுவலில் இரண்டாம் கியருக்குத் தள்ளினேன். இன்ஜின் கத்தியது, வண்டி பிடித்தது. பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் செய்ததில் கொஞ்சம் உயிர் வந்தது. லாரி வரிசைக்குள் நுழைந்து அவர்கள் வேகத்தில் கீழே வந்து ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். பாட்டில் தண்ணீரை எடுத்து டிஸ்க்கில் ஊற்றப் போனேன். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் கையைப் பிடித்தார். 'ஊத்தாதீங்க, வளைஞ்சிரும். தானா ஆறட்டும்.' அப்புறம் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'ஏறுற கியர்லதான் இறங்கணும் சார். உங்க வண்டின்னா என்ன, எங்க வண்டின்னா என்ன.'

பிரேக் ஆயில் நான்கு வருடம் பழையது. இன்ஜின் ஆயிலுக்கு மட்டும் தேதி தவறாமல் போனவன், இதை ஒருநாளும் கேட்டதில்லை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ஜாதி. ஈரம் ஏறிய நிலையில் அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, குமிழியை அமுக்கலாம், பிரேக்கை அமுக்க முடியாது. அதுதான் அந்தப் பஞ்சு.

இன்னொரு கணக்கு. ஆட்களோடு வண்டி 2,000 கிலோ. நூறு மீட்டர் உயரம் இறங்கினாலே பிரேக் விழுங்கவேண்டிய சூடு, ஆறரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கப் போதும். அது வேகம் கூட்டாமல் சும்மா இறங்குவதற்கு. நடுவில் 80-க்கு ஏற்றி 40-க்கு இறக்கும் ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கணக்கு. வேகம் 100-லிருந்து 120 ஆனால் நிறுத்தவேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடும்.

ஆல் வீல் டிரைவ் இருந்ததே என்று கேட்காதீர்கள். கிளப்பும்போதுதான் அது நாலு சக்கரம். நிறுத்தும்போது எல்லா வண்டியும் நாலு சக்கரத்தில்தான் நிற்கிறது, மாருதி 800 உட்பட.

ஏப்ரல் 14, மாலை

வீட்டில் இப்போதுதான் படித்தார்கள். 'அன்னைக்கு டீ குடிக்கலாம்னுதானே நிறுத்துனீங்க?'

ஏப்ரல் 27

டயர். இதையும் எழுதிவிட்டால் என் பாவக் கணக்கு முடிகிறது.

சூளகிரி பக்கம் ஒரு பள்ளத்தில் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. அவசரத்துக்கு ஒரே ஒரு டயர், வேறு கம்பெனி, புதிதாகப் போட்டேன். மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. ஒரு மாதம் கழித்து, மெதுவாகத் திரும்பும்போது கீழே முறுக்குவது போல ஒரு நடுக்கம்.

பட்டறை வெர்னியரின் டெப்த் கம்பியை விட்டு அளந்தேன். புதிய டயர் பள்ளம் 8 மில்லிமீட்டர், பழையவை 4. சின்ன வித்தியாசம்தானே? 340 மில்லிமீட்டர் ஆரத்தில் 4 குறைந்தால் பழைய சக்கரம் கிலோமீட்டருக்கு ஐந்தரைச் சுற்று கூடச் சுற்றவேண்டும். அதில் பாதியைப் பின் டிஃபரன்ஷியல் தனக்குள் சரிசெய்துவிடும், மீதிப் பாதி நடுவில் உள்ள கிளட்சுக்குப் போகும். கிருஷ்ணகிரி ஓசூர் ஒரு நடைக்கு நூற்று நாற்பது சுற்று. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றவேண்டும் என்று இறுக்கும் கிளட்ச், தினமும் இந்த வித்தியாசத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கிளட்சுக்கும் தனி ஆயில் உண்டு, அதையும் மாற்றவேண்டும். அதுவும் எனக்கு அப்போதுதான் தெரியும்.

நாலு டயரையும் ஒன்றாக மாற்றினேன், கிளட்ச் ஆயிலும் மாற்றினேன். நடுக்கம் போனது. இந்தச் செலவு ரீமேப்புக்குக் கொடுத்ததை நெருங்கியது. காலுக்கடியில் தெரிந்த வித்தியாசமோ ரீமேப்பைவிடப் பெரிது. மழையில் மேலுமலை வளைவில் திரும்பிய முதல் நாள் அது தெரிந்துவிட்டது.

மே 18

பெங்களூரா மாங்காய் லோடு ஆரம்பித்துவிட்டது. கூழ் ஆலைகளுக்கு முன்னால் டிராக்டர் வரிசை, காவேரிப்பட்டணம் பக்கம் எந்த எடிஷன் வைத்திருந்தாலும் இருபதுக்கு மேல் போகமுடியாது. சானமாவு காட்டில் போன வாரம் யானை ரோட்டைக் கடந்தது, முக்கால் மணி நேரம் நின்றோம். 4.4 விநாடியை எங்கே செலவழிப்பது என்று பாலக்கோட்டுக்காரர் யோசித்து வைக்கவும். அடக்க முடியாவிட்டால் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி டிராக் இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது.

நான் போன வியாழக்கிழமை பழைய கம்பெனி மென்பொருளையே திரும்பப் போட்டுக்கொண்டேன். முதல் இரண்டு நாள் வண்டி தூங்குவது போல இருந்தது. மூன்றாம் நாள் மறந்துவிட்டது. பொய் சொல்வானேன், ஏற்றத்தில் லாரியைத் தாண்டும்போது மட்டும் இன்னும் ஞாபகம் வருகிறது.

மார்ச் 3-ல் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். இரண்டு லட்சம் ஸ்டிக்கருக்குத்தான், அது அப்படியே நிற்கட்டும். 'ரீமேப் செய்யுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை' என்பதை அடித்துவிடுங்கள். 387 குதிரை இருக்கும் வண்டிக்கு இன்னும் குதிரை எதற்கு என்று ஏன் அன்றைக்கே எனக்குத் தோன்றவில்லை?

ஜூன் 8

ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டுக்காரரோடு பெங்களூர் போனேன். அவர் வண்டி பார்க்க, நான் வெர்னியரோடு. விற்பவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எடிஷன் வண்டி அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பழைய சின்னம் வெயிலில் மின்னும்போது எனக்கே ஒரு நிமிடம் மனசு சாய்ந்தது. குனிந்து டயர் பார்த்தேன். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முன்னால் இரண்டு 2022, பின்னால் ஒன்று 2023, இன்னொன்று வேறு கம்பெனி, 2024. என் கதையே நாலு சக்கரத்தில் நின்றது. சர்வீஸ் புத்தகத்தில் பிரேக் ஆயில் பக்கம் காலி.

சாதா வண்டியில் நாலும் ஒரே கம்பெனி, ஒரே வருடம், பள்ளம் எல்லாவற்றிலும் 5 மில்லிமீட்டருக்குப் பக்கம். பிரேக் ஆயில் 2024 செப்டம்பரில் மாற்றிய பில் இருந்தது. ஓட்டிப் பார்த்தோம். நைஸ் ரோடில் ஒரே ஒருமுறை அழுத்தினார், பிறகு காலை எடுத்துவிட்டு, 'போதும்ணா' என்றார்.

சாதாவை எடுத்துவிட்டார். எடிஷனுக்கு வைத்திருந்த இரண்டு லட்சம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டார், இங்கே கட்டவேண்டிய ஆயுள் வரியை ஞாபகப்படுத்தியதும் பேச்சு நின்றது.

ஜூன் 21

என்.ஓ.சி. இன்னும் வரவில்லை. வண்டி பாலக்கோட்டில் உறை போட்டு நிற்கிறது. அவருடைய அப்பா அதன்மேல் வடகம் காயப்போட்டிருந்ததாகக் கேள்வி.